கழலாத சிலம்பு: எந்திரத் தாளமும் இரும்பைத் திருவிழாவும்

இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலின் மூலவர் மூன்றாகப் பிளந்த லிங்கம். செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டிய நிலையில்தான் இன்றும் பூசை நடக்கிறது. ஏன் பிளந்தது என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவம் இருந்தார். அவர் தவச்சூட்டில்தான் மழை பொய்த்தது என்று அஞ்சிய அரசன், தவத்தைக் கலைக்க வள்ளி என்ற ஆடல்மகளை அனுப்பினான். உதிரும் இலையைத் தின்று உயிர் வளர்த்தவரின் கையில் அவள் இலைக்குப் பதில் அப்பளத்தை வைத்தாள். தவம் கலைந்தது, மழை கொட்டியது. அந்த மகிழ்ச்சியில் கோயிலில் எடுத்த விழாவில் வள்ளி ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு காலின் சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடுமாறியது. சித்தர் எழுந்து போய், சிலம்பை எடுத்து, அவள் காலில் பூட்டினார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் நெஞ்சு கொதித்துப் பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சாபத்தில் நிறுத்துவார்கள், அல்லது அதன் பின்பகுதியில் நிறுத்துவார்கள்: தூர தேசத்திலிருந்து வருபவர்கள் இந்த மண்ணை மறுபடி பச்சையாக்குவார்கள் என்ற வாக்கு. 1968 பிப்ரவரி 28 அன்று பக்கத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கிய பிறகு அந்தப் பின்பகுதிக்கு மவுசு கூடிவிட்டது. எனக்கு இரண்டுமல்ல, நடுவில் இருக்கும் அந்தச் சிலம்புதான் முக்கியம். ஒரு துறவி, இத்தனை பேர் பார்க்க, ஓர் ஆடல்மகளின் காலைத் தொட எழுந்ததற்குக் காரணம் தாளம் அறுந்தது. அறுந்த தாளத்தை அவரால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதே ஊரைப் பாடிய ஞானசம்பந்தரும் கையால் தாளம் போட்டுப் பாடிய பிள்ளை. அந்தப் பிஞ்சுக் கை நோகக்கூடாது என்று திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் கொடுத்ததாகப் புராணம் சொல்கிறது. கையும் காலும் களைத்துப் போகும், தவறிப் போகும், அப்போது தாளத்தை யார் காப்பது என்ற கவலை இந்த மண்ணுக்குப் பழைய கவலை.

சிந்த்பாப், டான்ஸ் பாப் என்று உலகம் அழைக்கும் இசை இந்தக் கவலைக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடை. டிரம் மெஷின் என்பது சிலம்பு கழலாத ஆட்டக்காரி. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழு 1974-இல் ‘ஆட்டோபான்’ தட்டை வெளியிட்டபோது, நெடுஞ்சாலையில் வண்டி ஓடுவதைப் போன்ற, மூச்சு வாங்காத ஓட்டம் பாட்டுக்குள் வந்தது. 1977-இல் ஜார்ஜியோ மொரோடர் மியூனிக்கில் டோனா சம்மரின் குரலுக்குக் கீழே மூக் சிந்தசைசரை ஓடவிட்டு ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டைச் செய்தார். ஆட்டத்துக்கான பாட்டு ஏறக்குறைய முழுக்க எந்திரத்தாலேயே நிற்க முடியும் என்பதை அந்த ஒரு பாட்டு காட்டிவிட்டது. 1980-இல் ரோலண்டின் டி.ஆர்.-808 தாள எந்திரம், 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.-7 சிந்தசைசர், அதே ஆண்டில் ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுவதற்கான ‘மிடி’ என்ற பொதுமொழி. பத்தே ஆண்டுகளில் ஒரு முழு வாத்தியக் குழு மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தியா இதில் வெகுவாகப் பின்தங்கியிருக்கவில்லை. பம்பாயின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ஜூபிட்டர்-8, டி.பி.-303, டி.ஆர்.-808 என்ற மூன்று எந்திரங்களையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு போட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் அது மறுவெளியீடு கண்டபோதுதான், அமெரிக்காவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற ஆட்ட இசை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஏறத்தாழ அதே ஒலி பம்பாயில் பிறந்திருந்ததை உலகம் வியந்து பார்த்தது. ராகம் அந்த எந்திரங்களோடு எளிதாகப் பொருந்தியதில் எனக்கு வியப்பில்லை. தம்புராவின் சுருதியில் ஊறிய காதுக்கு மாறாமல் ஓடும் ஓர் ஒலி அந்நியமல்ல. ஆனால் தாளத்தின் கதை அத்தனை எளிதல்ல. நான் சொல்ல வந்தது அந்தக் கதைதான்.

எங்கள் இரும்பைப் பக்கத்துக்கு இந்த எந்திர இசை எப்படி வந்தது? கிளப்பும் இல்லை, இசைக்குழுவும் இல்லை, ஆங்கில ரேடியோவும் இல்லை. மைக் செட்டில் வந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்றே மைக் செட்டுக்காரர் வந்துவிடுவார். புளியமரத்தில் இரண்டு குழாய், பள்ளிக்கூடத்து மூலையில் ஒன்று, ஊர் எல்லையில் சாலையைப் பார்த்து ஒன்று. ஆம்ப்ளிஃபையர் ஒரு மரப்பெட்டியில். கேசட்டுகள் இன்னொரு பெட்டியில், ஒவ்வொன்றின் முதுகிலும் பால்பாயிண்ட் பேனாவால் படப்பெயர். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த 60, 90 நிமிடக் கேசட்டுகள். காலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, வெயில் ஏறினால் எம்.ஜி.ஆர்., சாயங்காலம் ஆனால் ஆட்டப்பாட்டு. ‘சகலகலா வல்லவன்’ 1982-இல் வந்ததிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்தப் புத்தாண்டுப் பாட்டு ஆடியிலும் ஒலித்தது, மார்கழியிலும் ஒலித்தது.

இங்கே அந்தக் குழாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கூம்பு ஒலிபெருக்கியின் அடியில் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத் தகடு. அந்தத் தகடு எழுப்பும் ஒலியைக் கூம்பு வாரி எடுத்துத் தூரத்துக்கு வீசுகிறது. மனிதக் குரல் வயல் தாண்டிக் கேட்பதற்காகச் செய்த கருவி அது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலியை அதனால் வீச முடியாது. டி.ஆர்.-808-இன் ‘கிக்’ என்ற அடி ஒலியோ ஐம்பது ஹெர்ட்ஸ் அருகில் நிற்பது. ஆக, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆடுபவர்களின் வயிற்றில் போய் இடித்த அந்த அடி, எங்கள் புளியமரத்துக் குழாய் வழியாக வரவே இல்லை. வந்தது மேல்பகுதி மட்டும்: கைதட்டல் போன்ற ஒலி, உலோகச் சீறல், சிந்தசைசரின் கூர்மையான மெட்டு, குரல். எந்திர இசையின் தலை வந்தது, கால் வரவில்லை.

அந்தக் காலை எங்கள் ஊர் தானே வைத்துக்கொண்டது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கோயிலடியில் பறையும் பம்பையும் முழங்கும். மைக் செட்டை நிறுத்திவிட்டு மேளம் அடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடெல்லாம் கிடையாது. சாமி புறப்படும் நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். மேலே குழாயில் எந்திரம், கீழே மண்ணில் தோல். எனக்கு ஏழெட்டு வயதில், எந்திரத் தாளம் என்றால் கூடவே பறைச் சத்தமும் உள்ளே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னாளில் புதுச்சேரியில் ஒரு நண்பன் அறையில் நல்ல பெட்டியில் அதே பாட்டுகளைக் கேட்டபோது, நடுவில் ஏதோ குறைவதாக மனம் தேடியது. பாட்டில் எதுவும் குறையவில்லை. நான் தேடியது பாட்டில் என்றுமே இல்லாத ஒன்றை.

பறையின் தன்மை எந்திரத்தின் தன்மைக்கு நேர் எதிர். வைக்கோலைக் கொளுத்தி, அதன் அனலில் தோலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, சுண்டுவிரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டித்தான் வாசிக்கத் தொடங்குவார்கள். நள்ளிரவில் பனி இறங்கினால் தோல் தளர்ந்து ஒலி மொத்தையாகும். உடனே இன்னொரு பிடி வைக்கோல். ஆக, ஒரே இரவில் ஒரே பறைக்குப் பத்துக் குரல். அடிப்பவரின் கை களைக்கும், களைத்ததும் ஓர் அடி பின்தங்கும், பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கிக்கொண்டு முன்னே தள்ளுவார். அந்தத் தளர்ச்சியும் தள்ளலும்தான் சாமி ஆடுபவரின் காலை இழுப்பது. கணக்கிலும் வேறுபாடு உண்டு. எந்திரத்தில் அடிகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் ஓர் ஆவர்த்தத்தைப் பதினாறு சமக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கும், இரண்டிரண்டாகப் பெருகும் கணக்கு. எங்கள் குத்தோ பெரும்பாலும் மும்மூன்றாக நடக்கும் திஸ்ரம். பதினாறு கட்டத்துக்குள் மூன்றின் நடையை வைத்தால் அதன் அடிகளில் பல ஏதோ ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில்தான் விழும். எந்திரத்தில் அந்த இடத்துக்குப் பொத்தான் இல்லை.

தமிழில் எந்திர இசை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக்கொண்டு நுழைந்த ஆண்டு 1986. மே மாதம் ‘விக்ரம்’ வந்தது. சுஜாதாவின் கதை, கணினியும் ஏவுகணையும் நிறைந்த படம். கமல்ஹாசனே பாடிய அதன் தலைப்புப் பாட்டு, இளையராஜா சிந்தசைசரையும் எந்திரத் தாளத்தையும் அலங்காரமாக வைக்காமல் முதுகெலும்பாக வைத்துச் செய்தது. தமிழில் சிந்த்பாப் என்று ஒரே ஒரு பாட்டைச் சுட்டச் சொன்னால் நான் அதைத்தான் சுட்டுவேன். அந்த ஆண்டுத் தீபாவளியை ஒட்டி வந்த கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ கணினியைக் கொண்டு இசையமைத்த படம் என்று விளம்பரமாகவே பேசப்பட்டது. நாட்டிய ஆசிரியனின் கதை அது. ஆட்டத்தையும் எந்திரத்தையும் தமிழ்த் திரை அருகருகே வைத்துப் பார்த்தது அதில்தான். அந்த ஆண்டுகளில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப்.

அந்தத் திலீப்தான் ஏ.ஆர். ரகுமானாகி, வீட்டுக் கொல்லையில் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்து 1992-இல் ‘ரோஜா’வைத் தந்தார். அடுத்த இரண்டே ஆண்டில் ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’. பிரபுதேவாவின் கால்கள் எந்திரத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்தன, கட்டங்களுக்கு நடுவிலும் விழுந்தன. ‘பேட்டை ராப்’ பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸின் சென்னைப் பேச்சோடு தேனி குஞ்சரம்மாளின் நாட்டுக் குரலைச் சேர்த்தது, டான்ஸ் பாப்புக்குள் கிராமத்தைக் கூட்டிக்கொண்டு வந்த பெரிய அடி. ஆனாலும், ரகுமானின் மீது எனக்கிருக்கும் மதிப்பு குறையாமலே சொல்கிறேன், அந்த ஒலியில் தோல் எந்திரத்துக்கு அடங்கித்தான் வந்தது. தாளக்கருவிகள் துண்டுகளாகப் பதிவாகி, கட்டங்களுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டன. அழகாக இருந்தது. எங்கள் கோயிலடிச் சண்டை மட்டும் அதில் இல்லை.

அந்தச் சண்டையை நான் முதல்முதலில் ஒரு பதிவில் கேட்டது எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயாவிடம்.

மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம் 1975 ஜூலை 18 அன்று லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். தந்தை ‘அருளர்’ என்ற பெயரில் இயங்கிய, ஈழப் போராட்டத்தின் ஈரோஸ் இயக்கத்துக்காரர். ஊரில் போர், இடையில் சிறிது காலம் சென்னை, மறுபடி யாழ்ப்பாணம். 1986-இல் தாய் கலாவோடு பிள்ளைகள் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சிங்களப் பெண்ணுக்கும் ஒரு தமிழ் இளைஞனுக்கும் உள்ள காதலைக் கணினி இசையோடு ‘புன்னகை மன்னன்’ சொன்ன அதே ஆண்டில், சிங்கள-தமிழ்ப் பகையை நேரில் பார்த்த ஒரு சிறுமி தெற்கு லண்டனில் அரசு கொடுத்த குடியிருப்பில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தாள். தாய் தையல் வேலைக்குப் போனார். அரச குடும்பம் வழங்கும் பதக்கங்களுக்கான நாடாக்களைத் தைத்துக் கொடுத்த கை அவருடையது. அந்த வகைப் பதக்கங்களில் ஒன்றான எம்.பி.இ. 2019-இல் மகளுக்கே அறிவிக்கப்பட்டது.

மாயா இசை படித்தவர் அல்ல, செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். எலாஸ்டிகா குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போனபோது, உடன் வந்த பீச்சஸ் என்ற பாடகி மேடையில் பயன்படுத்திய ரோலண்ட் எம்.சி.-505 கருவி அவர் கண்ணில் பட்டது. அதே வகைக் கருவி ஒன்றை இரவல் வாங்கிப் படுக்கையறையில் வைத்துத் தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு இரண்டை அருகருகே வைத்த அளவுக்கு ஒரு பெட்டி, கீழ்வரிசையில் பதினாறு விசைகள். எந்த விசை எரிகிறதோ அந்தக் கட்டத்தில் அடி விழும். சங்கீதம் தெரியாதவருக்கும் சொந்தமாகத் தாளம் கட்டும் வழி அதில் இருந்தது. 2003-இல் ‘கலாங்’ என்ற பாட்டு 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி ‘அருளர்’ தொகுப்பு வந்தது. அந்தத் தொகுப்பு முழுக்கப் பதினாறு கட்டத்தின் கறாரான உலகம். ஏழைத்தனமும் கோபமும் கலந்த, எலும்பு மட்டும் இருக்கும் ஆட்டப்பாட்டு. பலருக்கு அதுதான் அவருடைய சிறந்த படைப்பு. எனக்கு அடுத்ததுதான்.

அடுத்ததைப் பெரிய அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு செய்வதாகத் திட்டம். 2006-இல் அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபட்டது. கதவு சாத்தப்பட்டதால் அவர் வேறு திசையில் நடந்தார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. சென்னைக்கு வந்தவர் ரகுமானைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பாட்டு கட்டுவது அப்போது கைகூடவில்லை. ஆனால் ரகுமான் தன் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களைத் திறந்துவிட்டார், ஆட்களைச் சொல்லிவிட்டார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்களின் வாசிப்பு பதிவானது. இரும்பையிலிருந்து 150 கி.மீ.க்குள், திண்டிவனத்தில் ரயில் ஏறினால் இறங்கும் தூரத்தில் நடந்த காரியம் அது. 2007 ஆகஸ்டில் தாயின் பெயரில் ‘கலா’ வந்தது.

அதில் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற இரண்டு பாட்டுகளில் உறுமி இருக்கிறது. உறுமியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இடை சிறுத்த இருமுக மேளம். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் தேய்த்து இழுப்பார்கள். அந்த இழுப்பில் தோல் ஒரு மிருகம்போல உறுமும். எங்கள் விழுப்புரம் பக்கத்தில் பம்பையும் உடுக்கையும்தான் அதிகம், உறுமி தென்மாவட்டத்துக்கும் கொங்குக்கும் உரியது. ஆனால் அந்த இழுப்பின் குணம் இங்கும் பழக்கமானதே. முக்கியமானது இது: அந்த இழுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. அடி ஒரு புள்ளி, அதைக் கட்டத்துக்குள் வைக்கலாம். இழுப்பு ஓர் ஓட்டம், அது கட்டத்தின் சுவரை நனைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குள் போய்விடும்.

மாயாவும் அவரோடு வேலை செய்த லண்டன்காரரான சுவிட்சும் அந்த இழுப்பை நறுக்கிச் சீராக்கவில்லை. எந்திரத்தின் அடியைத் தடிமனாகக் கீழே வைத்தார்கள், மேளக் கூட்டத்தை அதன்மேல் முழுசாக அவிழ்த்துவிட்டார்கள். கோழிச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் அதே நெரிசலில் இருக்கின்றன. முதல்முறை கேட்பவர்களுக்கு ஒலிப்பதிவு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அவர் பயன்படுத்திய பழைய பாட்டுத் துண்டுகளையும் பாருங்கள். ‘பேம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ இருக்கிறது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் 2003-இல் வந்த ‘ஜெயம்’ படத்தின் திருவிழாப் பாட்டு, ஆர்.பி. பட்நாயக் இசை. ஒன்று பொங்கல் கொண்டாட்டப் பாட்டு, இன்னொன்று தேரும் கூட்டமும் உள்ள பாட்டு. தமிழ்த் திரையில் ஆயிரம் காதல் மெட்டுகள் இருக்க, அவர் கை போனது திருவிழாவுக்கு. ‘ஜிம்மி’ என்று அவர் மறுபடி பாடியதோ 1982-இன் ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்துக்கு பப்பி லஹரி இசையமைத்தது. இந்தியாவின் எந்திரத் தாளம் தொடங்கிய இடத்துக்கே போய் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

எங்கள் கோயிலடியில் குழாயின் குறைபாட்டால், தற்செயலாக நடந்த ஒன்றை அவர் தெரிந்தே செய்தார் என்பதுதான் என் வாதம். மேலே எந்திரம், கீழே தோல். இரண்டும் ஒன்றையொன்று திருத்தவில்லை, ஒன்றுக்கொன்று வழிவிடவில்லை, ஒரே நேரத்தில் ஒலித்தன. எந்திரம் தவறாது, அதனால் ஆட்டம் அறாது. கை தவறும், அதனால் ஆட்டத்துக்கு உயிர் வரும். சிலம்பைக் கட்டி வைத்த காலும் சிலம்பு கழன்ற காலும் ஒரே மேடையில் ஆடுவதைப் போல.

உலகம் அவரை வேறொரு பாட்டால் அறிந்தது. அதே ‘கலா’வில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’. தி கிளாஷ் குழுவின் பழைய மெட்டின்மேல் கட்டிய, விசாவையும் வந்தேறிகளைப் பற்றிய பயத்தையும் பாடும் அந்தப் பாட்டு 2008-இல் அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் அது வந்தது. முன்பு கைகூடாமல் போன கூட்டணி அந்தப் படத்தில் கைகூடியது: ரகுமானும் அவரும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. 2009 பிப்ரவரி 8 அன்று, பிள்ளைப்பேற்றுக்குக் குறித்த நாளிலேயே, நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் ஆடினார். தமிழ்ப் பெயரோடு பிறந்த ஒரு பெண் அந்த மேடையில் அப்படி நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. அதே வாரங்களில் முள்ளிவாய்க்காலை நோக்கிப் போர் நகர்ந்துகொண்டிருந்தது, அவர் கிடைத்த மைக்கிலெல்லாம் அதைப் பேசினார். பாட்டுக்காரி பாடினால் போதாதா என்று எழுதினார்கள். போர் நடக்கும் ஊரில் வளர்ந்தவரிடம் அப்படிக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

அவர் செய்த எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. 2010-இன் ‘மாயா’ தொகுப்பில் எந்திரம் மட்டும் அலறுகிறது, எதிரே நின்று மோத ஒரு தோல் இல்லை. 2013-இன் ‘மாதங்கி’யில் மறுபடி மேளம் திரும்புவது ஆறுதல். அவருடையது டான்ஸ் பாப்பே அல்ல, ராப், டான்ஸ்ஹால், வேறு என்னவோ என்று வகை பிரிப்பவர்கள் உண்டு. காலை ஆடவைப்பதற்காக எந்திரத்தால் கட்டிய பாட்டு என்ற அளவில் எனக்கு அது போதும். பெரிய குறை வேறொன்று. ‘கலா’வைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் எந்திரத்தை இயக்கியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. குச்சியை இழுத்தவர்களைப் பற்றி ‘இந்தியத் தாளக்காரர்கள்’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. பறையும் உறுமியும் சாவுக்கு அடிப்பவை, அடிப்பவர்கள் சேரிக்காரர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த கைகள் அவை. சித்தர் சிலம்பை எடுத்தபோது சிரித்த ஊர்தானே நம் ஊர்.

இப்போது ஆடிக்கு மைக் செட் வருவதில்லை, பாக்ஸ் வருகிறது. டிராக்டர் டிரெய்லரில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள். இத்தனை காலம் எங்களுக்கு வராத அந்த ஐம்பது ஹெர்ட்ஸ் இப்போது வந்துவிட்டது, ஓட்டு வீடுகளின் ஓடு நடுங்க வருகிறது. கால் வைக்க இடமில்லாமல் பறை ஒதுங்குகிறது. சாமி புறப்படும் நேரத்தில் மட்டும் பாக்ஸை நிறுத்தச் சொல்கிறார்கள், மேளம் அடித்து முடிந்ததும் மறுபடி போடுகிறார்கள். மேலும் கீழுமாக ஒன்றாய் ஒலித்தவை இப்போது முறைவைத்து ஒலிக்கின்றன.

போன ஆடியில் அப்படி பாக்ஸ் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில், பம்பை வாசிக்க வானூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். பம்பையின் மேல் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். போனில் ‘பாய்ஸ்’ பாட்டைப் போட்டு, காதொலிப்பானை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில், “உறுமி இழுக்கறவன் நம்ம ஆளுதான் தம்பி, கை நல்ல கை,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கூட அடிக்கிறது யாரு?” என்றார்.

“மெஷின் தாத்தா.”

“அதான் பாத்தேன், மூச்சே வாங்கல.” காதொலிப்பானைக் கழற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். “இரு, இன்னொரு வாட்டி போடு.” இரண்டாம் முறை ஓடத் தொடங்கியதும் பம்பைமேல் கிடந்த துண்டை விலக்கினார். குச்சியை எடுக்கவில்லை. மூன்று விரல்களால், எந்திரம் விழாத இடங்களாகப் பார்த்து, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்.